பாய்ஸ் கம்பெனி தந்த முதல்வர்

1977-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நடைபெற்ற சட்டப்பேரவைத் தேர்தலில் அருப்புக்கோட்டைத் தொகுதி தேர்ந்தெடுத்து அனுப்பிய உறுப்பினர், அம்மாதம் 30-ஆம் தேதி தமிழ்நாட்டின் முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். திரைப்பட நடிகர் ஒருவர் இந்தியாவில் ஒரு மாநிலத்தின் முதல்வரானது அதுவே முதல் முறை. அமெரிக்காவில் ரொனால்டு ரீகன் குடியரசுத் தலைவரானதற்கு மூன்றரை ஆண்டுகள் முன்பே எங்கள் கரிசல் காட்டு வாக்காளர்கள் அந்த வரலாற்றை எழுதிவிட்டார்கள்.

அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டியைச் சேர்ந்தவன் நான். பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். எம்.ஜி. இராமச்சந்திரனைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவருடைய திரை வாழ்விலிருந்து தொடங்கி அரசியலுக்கு வருகிறார்கள். திரைக்கு முன்பு அவர் கழித்த நாடகக் காலம் ஓரிரு பத்திகளில் முடிந்துவிடுகிறது. அவருடைய ஆட்சியின் பெருமைக்கும் குறைக்கும் வேர் அந்த ஓரிரு பத்திகளில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

1917 ஜனவரி 17 அன்று, இலங்கையில் கண்டிக்கு அருகிலுள்ள நாவலப்பிட்டியில் அவர் பிறந்தார். தந்தை கோபால மேனன் இளம் வயதிலேயே மறைந்துவிட, தாய் சத்தியபாமா பிள்ளைகளுடன் கும்பகோணத்தில் குடியேறினார். வருமானமற்ற அக்குடும்பத்தில் பசி அன்றாட விருந்தாளி. இதைப் பிற்காலத்தில் ஆனந்த விகடனில் எழுதிய தன்வரலாற்றுத் தொடரில் அவரே பதிவு செய்திருக்கிறார். தொடக்கப் பள்ளியைத் தாண்டும் முன்பே அண்ணன் சக்கரபாணியும் அவரும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்க்கப்பட்டார்கள்.

பாய்ஸ் கம்பெனி என்பது என்ன என்று இன்றைய வாசகருக்குச் சற்று விளக்கியாக வேண்டும். வயதில் மூத்த நடிகர்கள் ஒழுங்குக்குக் கட்டுப்படாததைக் கண்டு மனம் சலித்த சங்கரதாஸ் சுவாமிகள், சிறுவர்களை மட்டுமே கொண்டு நாடகம் நடத்தும் முறைக்கு வலுவூட்டினார். அவருடைய சபையையும் அதையொத்த பிற சபைகளையும் பின்பற்றி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரையைச் சுற்றிப் பல கம்பெனிகள் எழுந்தன. பெற்றோர் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துப் பிள்ளையை விட்டுச் செல்வார்கள். விடியற்காலையில் பாட்டுப் பயிற்சி, பிறகு வசனம், நடனம், சிலம்பம், இரவில் நாடகம். பெண் வேடமும் சிறுவர்களே ஏற்பார்கள். மகரக்கட்டு உடைந்து குரல் மாறும் வயது வந்துவிட்டால், நேற்றுவரை நாயகனாக நின்றவன் இன்று கூட்டத்தில் ஒருவனாகிவிடுவான்.

பொருளியல் மொழியில் சொன்னால், அங்கே உழைப்புக்குக் கிடைத்த கூலியின் பெரும்பகுதி உணவு. சம்பளம் சில அணாக்கள். மூன்று வேளைச் சாப்பாடு உறுதி. கல்வி, தொழிற்பயிற்சி, தங்குமிடம், சோறு ஆகிய அனைத்தையும் ஒரே கூரையின் கீழ் தந்த அந்த நிறுவனம், அதற்கு ஈடாக முழுமையான கீழ்ப்படிதலைப் பெற்றுக்கொண்டது. கம்பெனி முதலாளியின் சொல்லுக்கும், பாடம் சொல்லித் தரும் வாத்தியாரின் சொல்லுக்கும் மறுசொல் கிடையாது. பிடிக்காதவன் இரவோடு இரவாக ஓடிப்போகலாம். உள்ளே இருந்துகொண்டு வாதாட முடியாது. பி.யு. சின்னப்பா, காளி என். ரத்தினம் முதலிய பலரும் வார்க்கப்பட்ட உலை இதுவே. இராமச்சந்திரனும் ஏழாவது வயதையொட்டி அதற்குள் நுழைந்தார்.

திரைப்படம் அவரை உடனே வாரி அணைத்துக்கொள்ளவில்லை. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கி 1936-இல் வெளிவந்த 'சதி லீலாவதி'யில் காவல் ஆய்வாளராகச் சிறு வேடம் கிடைத்தது. குடியின் கேட்டைச் சொன்ன கதை அது. அதற்குப் பின் தியாகராஜ பாகவதரின் 'அசோக்குமார்', எம்.எஸ். சுப்புலட்சுமியின் 'மீரா' என்று பிறர் ஒளியில் நின்ற ஆண்டுகள். ஏ.எஸ்.ஏ. சாமி இயக்கிய 'ராஜகுமாரி' 1947-இல் வெளிவந்தபோதுதான் அவர் முழு நாயகனானார். அப்போது அவருக்கு வயது முப்பது. பாடத் தெரிந்தவர்களின் காலம் முடிந்து, வாள்வீசத் தெரிந்தவர்களின் காலம் தொடங்கிய தருணம் அது. பாய்ஸ் கம்பெனியில் கற்ற சிலம்பமும் உடற்கட்டும் அங்கே முதலீடாக மாறின.

1950-இல் 'மந்திரிகுமாரி', 1954-இல் 'மலைக்கள்ளன்', 1956-இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்', 'மதுரை வீரன்' என்று வெற்றிகள் அடுக்கடுக்காக வந்தன. 1958-இல் தம் பொருளையெல்லாம் பணயம் வைத்து, தாமே தயாரித்து இயக்கி, இரட்டை வேடத்தில் நடித்த 'நாடோடி மன்னன்' அவருடைய அரசியல் அறிக்கையாகவே அமைந்தது. அரசனின் இடத்தில் அமரும் எளியவன் ஒருவன், ஏழைகளுக்காகச் சட்டங்களை ஒவ்வொன்றாக அறிவிப்பது அப்படத்தின் மையம். அச்சட்டங்களை அவையில் விவாதித்து இயற்றுபவர் எவரும் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். நல்லவன் அரியணையில் அமர்ந்தால் போதும், நன்மை தானே பிறக்கும் என்ற அரசியல் அது.

திரையில் உச்சத்தில் இருந்தபோதும் அவர் மேடையைக் கைவிடவில்லை. எம்.ஜி.ஆர். நாடக மன்றத்தின் வழியே 'இன்பக் கனவு', 'அட்வகேட் அமரன்' ஆகிய நாடகங்களை ஊர் ஊராக நடத்தினார். 1959-இல் சீர்காழியில் 'இன்பக் கனவு' நடந்தபோது, சண்டைக் காட்சியில் சக நடிகரைத் தூக்கியபொழுது அவருடைய கால் எலும்பு முறிந்தது. பல மாதச் சிகிச்சைக்குப் பிறகு மீண்டும் வாள் ஏந்தினார்.

1967 ஜனவரி 12 அன்று நடந்தது அதனினும் கொடியது. அவரைப் போலவே சிறுவயதில் நாடகக் கம்பெனியில் வளர்ந்த எம்.ஆர். ராதா அவரைத் துப்பாக்கியால் சுட்டார். குண்டு கழுத்தில் பாய்ந்தது. கழுத்துக் கட்டுடன் மருத்துவமனைப் படுக்கையில் அவர் இருந்த படம் சுவரொட்டியாகத் தமிழ்நாடெங்கும் ஒட்டப்பட்டது. படுக்கையில் இருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். ஆனால் குரல் பழையபடி திரும்பவில்லை. குரலே மூலதனமான மேடையில் வளர்ந்தவருக்கு அதைவிடப் பெரிய இழப்பு இருக்க முடியாது. வேறொருவர் குரலை இரவல் பெறாமல், தடித்துத் தடுமாறிய அந்தக் குரலிலேயே அவர் மேலும் பத்தாண்டுகள் நாயகனாக நடித்தார். மக்கள் அந்தக் குரலையும் ஏற்றுக்கொண்டார்கள். 'ரிக்‌ஷாக்காரன்' படத்திற்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைத்ததும் இந்தக் காலத்தில்தான்.

1972 அக்டோபரில் தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டு, அம்மாதம் 17-ஆம் தேதி புதிய கட்சி கண்டார். அடுத்த ஆண்டே திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் அக்கட்சி வென்றது. 1977-இல் அவர் அருப்புக்கோட்டைக்கு வந்தார்.

அப்போது நான் கல்லூரி மாணவன். எங்கள் பகுதியில் அவருக்கு உறவினர் இல்லை, நிலபுலன் இல்லை, சாதிக் கணக்கில் சேர்த்துக்கொள்ள ஒரு வீடும் இல்லை. வானம் பார்த்த பருத்திக் காடு, தறிக்குழி, நூற்பாலை ஷிப்டு என்று வாழ்ந்த மக்கள், சாதியை முன்வைத்தே வாக்குக் கேட்கப்படும் பழக்கத்தில் ஊறியவர்கள். அவர்களே இரவு வெகுநேரம்வரை சாலையோரத்தில் காத்திருந்தார்கள். கோயில் பொங்கலுக்கு விடிய விடிய 'வள்ளி திருமணம்' பார்த்துப் பழகிய ஊர்களுக்கு, ராஜபார்ட் தாமதமாக வருவது புதிதன்று. வேன் வந்து நின்று, ஒலிபெருக்கியில் அந்த உடைந்த குரல் கேட்டதும் பெண்கள் கூட்டம் முன்னே நகர்ந்ததை நான் பார்த்தேன். அந்த நெருக்கத்துக்குத் தேர்தல் அறிக்கை எதுவும் காரணமில்லை.

ரசிகர்கள் அவரை வாத்தியார் என்று அழைத்தார்கள். எக்காரணம் பற்றி அப்பெயர் வந்திருந்தாலும், நாடகக் கம்பெனியில் அச்சொல்லுக்கு ஒரு குறிப்பிட்ட பொருள் உண்டு. நாடகத்தை எழுதி, பாடம் சொல்லி, வேடம் பிரித்துக் கொடுத்து, தவறினால் தண்டிப்பவர் வாத்தியார். முதலமைச்சர் எம்.ஜி.ஆரைப் புரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை.

அந்தச் சொல்லின் நல்ல பக்கம் 1982 ஜூலை 1 அன்று தொடங்கிய சத்துணவுத் திட்டம். மதிய உணவுக்குத் தமிழ்நாட்டில் நெடிய முன்வரலாறு உண்டு. நீதிக்கட்சியினர் 1920-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கினர். எங்கள் பக்கத்து ஊரான விருதுநகரில் பிறந்த காமராசர் 1956-இல் அதை மாநிலத் திட்டமாக்கினார். அதன் அளவை மாற்றியவர் எம்.ஜி.ஆர். பால்வாடிக் குழந்தைகளும் தொடக்கப் பள்ளி மாணவர்களுமாக 60 லட்சத்திற்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஒரே நேரத்தில் பந்தியில் அமர்ந்தார்கள். பின்னர் மேல் வகுப்புகளுக்கும் அது விரிந்தது.

ஆண்டுக்கு 100 கோடி ரூபாயைத் தாண்டும் செலவு என்றதும் என் துறையைச் சேர்ந்த பலர் முகம் சுளித்தனர். உற்பத்தி தராத செலவு, வாக்குக்கான விலை என்று கருத்தரங்குகளில் பேசினர். கரிசல் நிலத்தில் அந்தக் கணக்கு வேறாக இருந்தது. மழை பொய்த்த ஆண்டில் கூலிக் குடும்பம் முதலில் குறைப்பது பிள்ளையின் சாப்பாட்டை. அடுத்து நிறுத்துவது பிள்ளையின் படிப்பை. பள்ளியில் ஒரு வேளைச் சோறு உறுதியானால் இவ்விரண்டும் ஒருசேரத் தடைபடுகின்றன. மனிதவளத்தில் இடப்படும் முதலீடு என்று இதைப் பாடநூல்கள் ஏற்கப் பல ஆண்டுகள் ஆயின. சமைத்த உணவைப் பள்ளிகளில் வழங்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது 2001-இல்தான். சோற்றையும் கல்வியையும் ஒரே கூரையின் கீழ் வைக்கும் அமைப்பை, இராமச்சந்திரன் என்ற சிறுவன் 1920-களிலேயே உடலால் அறிந்திருந்தான். கருணையால் மட்டும் இத்திட்டம் விளையவில்லை. பசிக்கும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்ற அனுபவ அறிவு அதன் பின்னால் இருந்தது.

1980-இல் கர்ணம், மணியம் முதலிய பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகளை ஒழித்ததையும் இதனுடன் சேர்க்க வேண்டும். ஊரின் நிலக் கணக்கு சில குடும்பங்களின் சொத்தாக இருந்த நிலை அதனால் முடிவுக்கு வந்தது.

மறுபக்கத்தை மறைத்தால் நான் கற்பித்த பாடத்திற்கு நியாயம் செய்தவனாகமாட்டேன். திரையில் ஒருபோதும் குடிக்காத நாயகன், 1981-இல் மதுவிலக்கைத் தளர்த்தினார்; 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. சாராய வரியின் சுமை யார் தலையில் விழுகிறது என்பது எந்தக் கூலிக்காரரின் மனைவிக்கும் தெரியும். ஒரு கையால் பிள்ளைக்குச் சோறிட்ட அரசு, மறு கையால் தகப்பனின் கூலியை வாங்கிக்கொண்டது. பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டுக்கு 1979-இல் 9,000 ரூபாய் வருமான வரம்பு விதித்தார். 1980 நாடாளுமன்றத் தேர்தலில் தோற்றதும் அதைக் கைவிட்டு, ஒதுக்கீட்டை 31 விழுக்காட்டிலிருந்து 50 ஆக உயர்த்தினார். இரு முடிவுகளும் மேலிருந்து வந்தவையே. எதிர்க்குரலைத் தாங்கும் பொறுமையும் அந்த ஆட்சியில் குறைவு. அவருடைய தன்வரலாற்றை வெளியிட்ட அதே ஆனந்த விகடனின் ஆசிரியரை, 1987-இல் ஒரு கேலிச்சித்திரத்திற்காகச் சட்டப்பேரவை சிறைக்கு அனுப்பியது.

இவையும் பாய்ஸ் கம்பெனியின் பாடங்களே. முதலாளி சோறிடுவார்; அவரிடம் கேள்வி கேட்கக்கூடாது. அமைச்சர்கள் வேடம் ஏற்றார்கள், வேடம் இழந்தார்கள்; நாடகத்தை எழுதியவர் ஒருவரே. எங்கள் தொகுதியும் அதை அறிந்தது. 1980-இல் அவர் மதுரை மேற்குக்குச் சென்றார். 1984-இல், அமெரிக்காவின் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தபடியே ஆண்டிபட்டியில் வென்றார். அருப்புக்கோட்டை ஒரு முகாம். கம்பெனி அடுத்த ஊருக்குப் போய்விட்டது. ஆனாலும் இங்கே யாரும் அவரைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

1987 டிசம்பர் 24 அன்று அவர் மறைந்தார். மறு ஆண்டு பாரத ரத்னா விருது அளிக்கப்பட்டது. முதலாளி இறந்ததும் நாடகக் கம்பெனிகள் கலைவதுபோல், சில வாரங்களில் அவருடைய கட்சி இரண்டாகப் பிளந்தது. தமக்குப் பின் யார் என்பதை அவர் யாருக்கும் சொல்லிவைக்கவில்லை. ஒருவரை நம்பி இயங்கும் அமைப்புக்கு இதுவே இயல்பான முடிவு.

சத்துணவு மட்டும் கலையவில்லை. பின்வந்த எந்த ஆட்சியும் அதை நிறுத்தத் துணியவில்லை. முட்டை சேர்ந்தது, 2022 முதல் காலை உணவும் சேர்ந்தது. சட்டமாகவும், பணியிடமாகவும், சமையற்கூடமாகவும் அது நிலைபெற்றுவிட்டதே காரணம். ஒரு தலைவரின் அன்பு அவருடைய ஆயுளுக்குப் பின்னும் வாழ வேண்டுமானால் அது நிறுவனமாக வேண்டும் என்பதே அவர் வாழ்வு நமக்குத் தரும் பாடம்.

அந்த நிறுவனத்தின் அடுப்பங்கரையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் ஏழைப் பெண்கள். கைம்பெண்களும் கணவனால் கைவிடப்பட்டோரும் தொடக்கத்தில் முன்னுரிமை பெற்றவர்கள். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிறர் பிள்ளைகளுக்குச் சமைத்த அவர்கள், முறையான காலமுறை ஊதியம் கேட்டு இன்னமும் வீதியில் நிற்கிறார்கள். சோறும் சில அணாக்களும் போதும் என்ற பழைய ஒப்பந்தம் அவர்கள் விஷயத்தில் மட்டும் தொடர்கிறது. வாத்தியாரின் பெயரைச் சொல்லி வாக்குக் கேட்கும் எவரும் முதலில் தீர்க்க வேண்டிய கணக்கு அது.