கொஞ்சம் முந்தி, கொஞ்சம் பிந்தி: ஜே டில்லாவின் கதை

வாஷிங்டனில் ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் வரலாற்றுக்காக ஒரு தேசிய அருங்காட்சியகம் இருக்கு. அதன் சேகரிப்பில் ஒரு அகாய் எம்பிசி 3000 சாம்பிளரும் உண்டு. 16 ரப்பர் பேட், ஒரு சின்ன திரை, ஒரு ஃப்ளாப்பி டிரைவ், அவ்ளோதான். எந்தச் சத்தத்தையும் அதுல பதிஞ்சு, வெட்டி, ஒவ்வொரு பேடுக்கும் ஒரு துண்டைக் கொடுத்து விரலால் தட்டலாம். எதை எப்போ தட்டினோம் என்று மெஷின் நினைவில் வைத்துக்கொள்ளும். அந்தப் பெட்டி ஜே டில்லாவுடையது. அதைக் கொடுத்தவர் அவருடைய அம்மா.

இயற்பெயர் ஜேம்ஸ் டிவிட் யான்சி. 1974 பிப்ரவரி 7-ல் டெட்ராய்ட் நகரத்தில் பிறந்தார். அம்மா மொரீன் ஆபரா பாடியவர், அப்பா ஜாஸ் பேஸ் வாசித்தவர். வீடு கோனன்ட் கார்டன்ஸ் என்ற பகுதியில். பள்ளி நண்பர்கள் இரண்டு பேரோடு சேர்ந்து ஸ்லம் வில்லேஜ் என்ற குழுவை ஆரம்பித்தார். அதே ஊர்க்காரரான கீபோர்டு கலைஞர் ஆம்ப் ஃபிட்லர்கிட்ட ஒரு எம்பிசி 60 இருந்தது. பையன் அதுலதான் கை பழகினான். டில்லாவை க்யூ-டிப்பிடம் அறிமுகப்படுத்தியதும் அவர்தான். அப்புறம் நடந்தது வேகமா நடந்தது. 1995-ல் ஃபார்சைட் குழுவின் ஆல்பம், 2000-ல் காமனின் ஆல்பம், அதே வருஷம் ஸ்லம் வில்லேஜின் ஆல்பம். பட்டியல் இணையத்துல கிடைக்கும். எனக்கு அதைவிட முக்கியம் அவர் அந்தப் பெட்டியை வைத்து என்ன செய்தார் என்பதுதான்.

எம்பிசியில் குவாண்டைஸ் என்று ஒரு வசதி உண்டு. நீங்க தாளத்தைத் தப்பித் தட்டினாலும் மெஷின் அதைப் பக்கத்துக் கட்டத்துக்கு இழுத்து நேராக்கிவிடும். எம்பிசி 3000 ஒரு பீட்டை 96 டிக்காகப் பிரிக்கும். 90 பிபிஎம் வேகத்தில் ஒரு பீட் 667 மில்லிசெகண்ட், ஒரு டிக் கிட்டத்தட்ட 7 மில்லிசெகண்ட். இந்த மெஷினை வடிவமைத்த ரோஜர் லின் ஸ்விங் என்று இன்னொன்றும் வைத்தார். 50 சதவீதம் என்றால் நேர். 62 சதவீதம் வைத்தால் 24-வது டிக்கில் விழவேண்டிய அடி 30-வது டிக்கில் விழும், அதாவது சுமார் 40 மில்லிசெகண்ட் தாமதம். பொதுவாக மொத்தப் பாட்டுக்கும் ஒரே ஸ்விங்தான் வைப்பார்கள். எல்லாம் ஒண்ணா ஆடும், இல்லேன்னா எல்லாம் ஒண்ணா நேரா நிக்கும்.

டில்லா அங்கதான் கையை வச்சார். ஹை-ஹேட் ஒரு கணக்கில் போகும். ஸ்னேர் சில டிக் முந்தி வரும். கிக்குக்குக் குவாண்டைஸே கிடையாது, கையால் தட்டினது அப்படியே. குவாண்டைஸை ஆஃப் பண்ணினார், அவ்ளோதான் என்று சொல்பவர்கள் நிறைய. அது பாதி உண்மைகூட இல்லை. எல்லாத்தையும் ஆஃப் பண்ணினால் வெறும் தப்புத்தாளம்தான் வரும். ஒன்று நேராக நின்றால்தானே மற்றது சாய்வது காதுக்குத் தெரியும்? நம்ம ஊர் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டவங்களுக்கு இது புரியும். உடுக்கையும் குடமும் ஜால்ராவும் ஒரே தாளம்தான், ஆனா மூணும் ஒரே புள்ளியில் விழுவதில்லை. மனிதர்கள் சேர்ந்து வாசிக்கும்போது தானாக வரும் அந்த இழுவையை டில்லா ஒரு பெட்டிக்குள் டிக் கணக்கில் வைத்தார்.

வேடிக்கை என்னன்னா, ரூட்ஸ் குழுவின் டிரம்மர் குவெஸ்ட்லவ் இதைக் கேட்டு மிரண்டுபோய், நேராக வாசிக்கப் பழகின தன் கையை வளைத்து அதே மாதிரி வாசிக்கக் கற்றுக்கொண்டார். மெஷினைப் பார்த்து மனுஷன் மனுஷன் மாதிரி வாசிக்கப் பழகுறான்! டி'ஆஞ்சலோவின் 2000-ம் வருட ஆல்பம் 'வூடூ'வில் அதைக் கேட்கலாம்.

செய்து பார்க்க எம்பிசி வேண்டாம், லேப்டாப்பில் இலவச மென்பொருள் போதும். 90 பிபிஎம். ஹை-ஹேட்டை நேராக வையுங்க. ஸ்னேரை மட்டும் 20 மில்லிசெகண்ட் முன்னால் தள்ளுங்க. கிக்கைக் கையால் தட்டி அப்படியே விடுங்க. முதல் பத்து தடவை அசிங்கமாத்தான் இருக்கும். சாம்பிள் எடுக்கும்போது எல்லாருக்கும் தெரிந்த பல்லவியைத் தொடாதீங்க. பாடகர் மூச்சு எடுக்கிற அரை செகண்டில் இருப்பது போதும்.

அவருக்கு ரத்தத்தைப் பாதிக்கும் டிடிபி என்ற அரிய நோய் வந்தது, கூடவே லூபஸ். 2005-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் மருத்துவமனையில் மாதக்கணக்கில் கிடந்தார். விரல்கள் வீங்கிவிடும், வேலை செய்ய முடியும்படி அம்மா பிடித்துவிடுவாராம். 'டோனட்ஸ்' ஆல்பம் முழுக்க மருத்துவமனைப் படுக்கையில் செய்தது என்று ஒரு கதை சுற்றுகிறது. டான் சார்னஸ் 2022-ல் எழுதிய வாழ்க்கை வரலாறு அதைத் திருத்துகிறது, பெரும்பகுதி அங்கே செய்ததில்லை. எனக்கு இந்த உண்மையே பிடிச்சிருக்கு. சாகப்போகிறவர் என்பதால் அது நல்ல ஆல்பம் ஆகவில்லை. அந்த வருஷக் கடைசியில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஐரோப்பாவில் கச்சேரி செய்தார்.

'டோனட்ஸ்' 2006 பிப்ரவரி 7 அன்று, அவருடைய 32-வது பிறந்தநாளில் வெளியானது. மூன்று நாள் கழித்து, 10-ம் தேதி, இறந்தார். அந்த ஆல்பத்தில் 31 டிராக். முதல் டிராக்கின் பெயர் அவுட்ரோ, கடைசி டிராக்கின் பெயர் இன்ட்ரோ. ரிப்பீட்டில் போட்டுக் கேளுங்க, முடிவு நேராகப் போய் ஆரம்பத்தில் ஒட்டிக்கொள்ளும்.