பாடகர் இல்லாத பாட்டு

இசைக்குழு என்றதும் நம் கண்முன் நிற்பவர் பாடகர்தான். அவருக்குப் பின்னால் நின்று வாசிப்பவர்களை நாம் அதிகம் நினைப்பதில்லை. 'தி டோர்ஸ்' என்ற அமெரிக்க சைகடெலிக் ராக் குழுவின் கதையும் அதுவே. ஜிம் மோரிசன் என்ற ஒற்றைப் பெயருக்குள் அக்குழு அடங்கிவிட்டது. ஆனால், அவரது வாழ்க்கையைப் படிக்கப் படிக்க என் கவனம் மற்ற மூவரின் பக்கம் திரும்பியது.

1943 டிசம்பர் 8ஆம் நாள் ஃபுளோரிடா மாநிலத்தின் மெல்பர்ன் நகரில் பிறந்தார் மோரிசன். தந்தை கடற்படை அதிகாரி என்பதால் குடும்பம் ஊர் ஊராக மாறியது. மகனோ புத்தகங்களையும் கவிதையையும் நாடினார். 1965இல் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் திரைப்படக் கலை பயின்று முடித்தார். அப்போது அவருக்கு வயது 21. என்னைவிட ஒரு வயது இளையவர்! அந்தக் கோடையில் வெனிஸ் கடற்கரையில், உடன் படித்த ரே மான்சரெக்கிடம் தாம் எழுதிய பாடலைப் பாடிக் காட்டினார். குழு உருவானது. தியான வகுப்பில் மான்சரெக்குக்கு அறிமுகமான ஜான் டென்ஸ்மோர் டிரம்ஸ் வாசித்தார். ராபி கிரீகர் கித்தார் வாசித்தார். மேடையில் பாஸ் கித்தாருக்கு ஆளில்லை. மான்சரெக்கே வலக்கையால் ஆர்கனும் இடக்கையால் பாஸ் விசைப்பலகையும் வாசித்துச் சமாளித்தார்.

1967இல் 'லைட் மை ஃபயர்' பாடல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. மோரிசனைப் புகழின் உச்சிக்கு ஏற்றிய அப்பாடலின் பெரும்பகுதியை எழுதியவர் கிரீகர் என்பது பலர் அறியாத செய்தி.

புகழோடு குடிப்பழக்கமும் வளர்ந்தது. 1969 மார்ச் மாதம் மயாமி மேடையில் ஆபாசமாக நடந்துகொண்டதாக வழக்கு எழுந்தது. அடுத்த ஆண்டு தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடு முடியும் முன்பே பாரிஸ் சென்ற மோரிசன், 1971 ஜூலை 3ஆம் நாள் தமது 27ஆம் வயதில் அங்கு காலமானார். ஃபுளோரிடா அரசு அவருக்கு மன்னிப்பு வழங்கியது 2010இல்தான்.

அவர் திரும்பி வருவார் என்று நம்பிய மூவரும் புதிய பாடல்களைத் தயார் செய்துகொண்டிருந்தனர். மரணச் செய்திக்குப் பிறகும் அவர்கள் வேலையைக் கைவிடவில்லை. மான்சரெக்கும் கிரீகரும் பாட, அதே ஆண்டு அக்டோபரில் 'அதர் வாய்சஸ்' இசைத்தொகுப்பு வெளிவந்தது. 'மற்றக் குரல்கள்' என்பது அதன் பொருள். அமெரிக்க விற்பனைப் பட்டியலில் அது 31ஆம் இடத்தைத் தொட்டது. 1972இல் வந்த 'ஃபுல் சர்க்கிள்' 68ஆம் இடத்தோடு நின்றது. 1973இல் குழு கலைந்தது.

அதைத் தோல்வி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. வாசிப்பில் குறையில்லை, கேட்பவர் காதுதான் இல்லாத குரலைத் தேடியது. அந்த மூவருக்கும் இது தெரியாமலா இருந்திருக்கும்? 1978இல் அவர்கள் மீண்டும் ஒன்றுகூடி, மோரிசன் முன்பே வாசித்துப் பதிவு செய்திருந்த கவிதைகளுக்கு இசையமைத்து 'ஆன் அமெரிக்கன் பிரேயர்' தொகுப்பை வெளியிட்டனர். நண்பரின் இடத்தில் நின்று பாடியவர்கள், ஏழாண்டுகள் கழித்து மீண்டும் அவர் குரலுக்குப் பின்னால் நின்று வாசித்தனர். மோரிசனின் பெருமையை அறிய விரும்பும் நண்பர்கள், அவர் பாடாத 'அதர் வாய்சஸ்' தொகுப்பையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.