குமிழியில் தெரிந்த இராமன்

சென்ற ஜூன் விடுமுறையில் அக்காள் மகளைப் பூமலைக்கு அழைத்துச் சென்றேன். தேக்காவில் வாங்கிய சோப்புக் குமிழிப் புட்டி அவள் கையில்; கேமரா என் கையில். சிங்கப்பூரில் கோடை எது, கோடையல்லாதது எது? ஆனாலும் நம் ஊர் ஈரக்காற்று குமிழிகளுக்கு நல்லது. நீர் விரைவில் ஆவியாகாததால் அவை சற்றுக் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கின்றன.

முதலில் எடுத்த படங்கள் எதிலும் நிறமே இல்லை. வெளிறிய வானத்தைப் பின்னணியாக வைத்தது என் தவறு. அடர்ந்த மர நிழலுக்கு முன்னால் ஊதச் சொன்னதும் இளஞ்சிவப்பும் பச்சையும் தெளிவாக விழுந்தன. வளையத்திலேயே ஒட்டியிருந்த ஒரு குமிழியின் உச்சி மட்டும் ஓட்டை விழுந்ததுபோல் கருத்திருந்தது. அடுத்த படத்தில் குமிழியே இல்லை.

"ஏன் சின்னம்மா, மேலே மட்டும் கறுப்பு?" என்றாள்.

படலத்தின் முன்புறத்திலும் பின்புறத்திலும் எதிரொளிக்கும் ஒளிகள் ஒன்றுசேரும்போது சில நிறங்கள் வலுக்கின்றன, சில மங்குகின்றன. நீர் கீழே வடிய வடிய உச்சி மெலிகிறது. மிக மெலிந்துவிட்டால் எல்லா நிறங்களிலும் அந்த இரு எதிரொளிகளும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மிஞ்சுவது கருமை. இதை ஏழு வயதுப் பிள்ளைக்கு விளக்கத் திணறியபோதுதான் எனக்குச் சர் சி. வி. இராமன் நினைவுக்கு வந்தார்.

1888 நவம்பர் 7ஆம் நாள் திருவானைக்காவலில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படிக்கும்போதே, 1906இல், அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை இலண்டன் இதழில் வெளிவந்தது. வயது பதினெட்டு! அந்த வயதில் நான் தொடக்கக்கல்லூரித் தேர்வுக்குப் பயந்துகொண்டிருந்தேன். அடுத்த கட்டுரை நீர்மங்களின் பரப்பு இழுவிசையை அளப்பது பற்றியது. குமிழியை உருண்டையாக்குவதும் அந்த விசைதான்.

1907இல் நிதித்துறைத் தேர்வில் முதலிடம் பெற்று, கல்கத்தாவில் அரசு அதிகாரியானார். விடியற்காலையில் பௌபஜார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடம், பகலில் அலுவலகம், மாலையில் மீண்டும் ஆய்வுக்கூடம் என்று பல ஆண்டுகள். 1917இல் பேராசிரியர் பதவிக்காக, ஏறக்குறைய பாதிச் சம்பளத்துக்கு இறங்கி வந்தார். வேலைவாய்ப்புக் கண்காட்சிகளுக்கு வரிசையில் நிற்கும் நாம் சற்றே யோசிக்க வேண்டிய இடம் இது.

1921இல் கப்பல் பயணத்தில் மத்தியதரைக் கடலின் நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. அது வானத்தின் பிரதிபலிப்பு என்பதே அன்றைய கருத்து. சிறு பட்டகம் ஒன்றால் மேற்பரப்பின் பிரதிபலிப்பை விலக்கிப் பார்த்தார். நீலம் போகவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்றார். அந்தத் தேடல்தான் 1928 பிப்ரவரி 28இல் இராமன் விளைவில் முடிந்தது. உடன் உழைத்த கே. எஸ். கிருஷ்ணனும் தமிழரே. 1930இல் நோபெல் பரிசு இராமன் ஒருவருக்கே கிடைத்தது.

பரிசுக்குப் பிறகும் அவர் கண்ணால் காணும் நிறங்களை விடவில்லை. பறவை இறகு, சிப்பியின் உட்புறம், மண்ணுக்கடியில் சிதைந்த பழங்காலக் கண்ணாடி என்று தேடித் தேடி ஆராய்ந்தார். இவற்றில் பலவற்றின் மினுமினுப்பும் குமிழியின் நிறமும் ஒரே குடும்பம்தான்: மெல்லிய அடுக்குகளில் ஒளி ஆடும் ஆட்டம்.

இங்கே எனக்கு ஒரு சங்கடம் உண்டு. 1933இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக இருந்த இராமன், கமலா பகவத் என்ற மாணவியைப் பெண் என்பதால் சேர்க்க மறுத்தார். அவர் விடாமல் போராடியதால், ஓராண்டு சோதனைக் காலம் உள்ளிட்ட நிபந்தனைகளுடன் இடம் கிடைத்தது. அவருடைய உழைப்பைப் பார்த்தபின் இராமன் மனம் மாறினார். 1940இல் அன்னா மணி அவரிடமே ஆய்வு செய்ய வந்தார். மாறினார் என்பது உண்மை. முதலில் மறுத்தார் என்பதும் உண்மை. இயற்பியல் மாணவியான நான் இதைப் படித்த அன்று, மேசைமேல் ஒட்டியிருந்த அவர் படத்தை எடுத்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து மீண்டும் ஒட்டினேன், பக்கத்தில் கமலாவின் படத்தோடு.

1948இல் பெங்களூரில் தமக்கென ஓர் ஆய்வு நிலையம் தொடங்கினார். அரசுப் பணம் வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தார். சுற்றிலும் தோட்டம் அமைத்தார். ரோஜாக்கள் என்றால் அவருக்கு உயிர். முதுமையில் மலர்களின் நிறங்களையும் நம் கண் அவற்றைக் காணும் விதத்தையும் ஆராய்ந்தார். 1970 நவம்பர் 21இல் மறைந்தார். அந்தத் தோட்டத்திலேயே தகனம் நடந்தது. அங்கே நினைவுச் சின்னம் எழுப்பவில்லை. ஒரு மரம் நட்டார்கள்.

டிசம்பரில் பெங்களூர் செல்கிறோம். குமிழிப் புட்டியையும் எடுத்து வரலாமா என்று அக்காள் மகள் இப்போதே கேட்டு வைத்திருக்கிறாள்.