ஒரு கண்டத்தின் வளங்களைக் கணக்கெடுத்த ஷேக் அந்தா டியோப்

செனகலின் தலைநகர் டக்காரில் உள்ள பெரிய பல்கலைக்கழகம் இன்று ஷேக் அந்தா டியோப்பின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதே பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்த, அவர் உயிரோடிருந்தபோது சுமார் இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

1923 டிசெம்பர் 29ஆம் திகதி, ஜூர்பெல் பிரதேசத்தின் தியெய்து என்ற கிராமத்தில் அவர் பிறந்தார். அது நிலக்கடலை விளையும் பூமி. பிரெஞ்சு ஆட்சியாளர்கள் அந்த ஒற்றைப் பயிரைச் சுற்றியே செனகலின் பொருளாதாரத்தைக் கட்டியெழுப்பினார்கள். கடலை கப்பலேறிப் போனது. உண்பதற்கான அரிசி இந்தோசீனாவிலிருந்து வந்து இறங்கியது. இடையில் மண் வளமிழந்தது. பெருந்தோட்டப் பயிர்களின் கதை தெரிந்த நமக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

1946இல் கணிதம் படிப்பதற்காகப் பரிஸ் சென்ற டியோப், ஒரு துறையோடு நிற்கவில்லை. கஸ்தோன் பஷ்லாரிடம் மெய்யியல் கற்றார். வரலாறு, மொழியியல், எகிப்தியல், இரசாயனவியல் என்று போய், பிரெடரிக் ஜோலியோ-கியூரியின் ஆய்வுகூடத்தில் அணுப் பௌதிகவியலையும் தொட்டார். ஐன்ஸ்டைனின் சார்புக் கோட்பாட்டின் ஒரு பகுதியைத் தன் தாய்மொழியான வொலோஃபில் பெயர்த்தார். ஆபிரிக்க மொழிகளில் விஞ்ஞானம் பேச முடியாது என்போருக்கு அவர் அளித்த பதில் அதுதான்.

பண்டைய எகிப்திய நாகரிகம் கறுப்பின ஆபிரிக்கர்களுடையது என்ற அவரது வாதம் 1954இல் நூலாக வெளிவந்தது. பரிஸ் பல்கலைக்கழக வட்டாரம் அதை எளிதில் ஏற்கவில்லை. கடைசியில் 1960இல் கலாநிதிப் பட்டம் கிடைத்தது. ஆனால் அதோடு சேர்த்து வழங்கப்பட்ட தரநிலை, பெயரளவில் கௌரவமானது என்று சொன்னாலும், நடைமுறையில் பல்கலைக்கழகக் கற்பித்தலுக்கான கதவை மூடிவிடுவது. எகிப்து பற்றிய அவரது வாதங்கள், குறிப்பாக மொழி ஒப்பீடுகள், இன்றும் சர்ச்சைக்குரியவையே. அந்தச் சர்ச்சையின் நிழலில் அவருடைய இன்னொரு முக்கியமான வேலை மறைந்து போனது.

ஆபிரிக்காவில் பதினேழு நாடுகள் சுதந்திரம் பெற்ற அதே 1960இல், கறுப்பு ஆபிரிக்காவின் எதிர்காலக் கூட்டாட்சி அரசு பற்றிய சிறிய நூலொன்றை அவர் வெளியிட்டார். கொடிகளும் தேசிய கீதங்களும் தயாராகிக்கொண்டிருந்த வேளையில், டியோப் ஆறுகளின் நீர்வலுவைக் கணக்கிட்டுக் கொண்டிருந்தார். நீர்மின், சூரிய சக்தி, அணுசக்தி, காற்று, கடல் அலையேற்றம், புவிவெப்பம் என்று கண்டத்தின் சக்தி வளங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். எந்தக் கனிமம் எங்கே, அதை உருக்குவதற்கான மின்சாரம் எங்கே என்று பொருத்திப் பார்த்து, கண்டத்தை எட்டுக் கைத்தொழில் வலயங்களாகப் பிரித்தார். அதில் முதலிடம் கொங்கோ வடிநிலத்துக்கு. ஒரு நாட்டின் எல்லைக்குள் மட்டும் நின்று திட்டமிட்டால் ஆறும் வீணாகும், கனிமமும் வீணாகும் என்பதே அவரது கணக்கின் முடிவு. மண்ணரிப்பு, காடழிப்பு, பொதுமொழி, விஞ்ஞானிகளின் பயிற்சி எல்லாம் அவருக்கு ஒரே கேள்வியின் பகுதிகள். பொருளியலாளர் ஒருவரோ பொறியியலாளர் ஒருவரோ தனியாக அந்த நூலை எழுதியிருக்க முடியாது.

நடந்தது வேறு. கொங்கோ ஆற்றின் இங்கா நீர்வீழ்ச்சியில் சுமார் 40,000 மெகாவொட் மின்சாரம் பெறலாம் என்று மதிப்பிடப்படுகிறது. 1972இலும் 1982இலும் திறக்கப்பட்ட இரு நிலையங்களின் மொத்தக் கொள்ளளவு 1,800 மெகாவொட்டைக்கூட எட்டவில்லை. அங்கிருந்து சுமார் 1,700 கிலோமீற்றர் தூரம் இழுக்கப்பட்ட கம்பி, வழியிலிருந்த ஊர்களின் தலைக்கு மேலால் கட்டங்காவின் செப்புச் சுரங்கங்களுக்குச் சென்றது.

நாடு திரும்பிய டியோப், டக்காரில் கதிரியக்கக் காபன் ஆய்வுகூடம் ஒன்றை நிறுவி, தொல்பொருட்களின் வயதைக் கணித்தபடி ஆண்டுகளைக் கழித்தார். ஜனாதிபதி செங்கோரை எதிர்த்துக் கட்சி தொடங்கினார். 1962இல் சிறை சென்றார். அடுத்தடுத்த கட்சிகளும் தடைகளைச் சந்தித்தன. இதற்கிடையில் 1966இல் அதே டக்காரில் நடந்த முதலாவது உலகக் கறுப்பினக் கலை விழா, அமெரிக்க அறிஞர் டு போய்ஸுடன் சேர்த்து அவரையும் கௌரவித்தது. 1974இல் யுனெஸ்கோ கெய்ரோவில் கூட்டிய மாநாட்டில், தியோபில் ஒபெங்காவுடன் எகிப்தியலாளர்கள் முன் அமர்ந்து தன் வாதத்தை முன்வைத்தார். சக்தி பற்றிய பழைய நூலையும் அதே ஆண்டில் திருத்தி மறுபதிப்பாக வெளியிட்டார்.

செங்கோர் பதவி விலகிய பின்னர்தான், 1981இல், அவரது கட்சிக்கு அங்கீகாரமும் அவருக்குப் பேராசிரியர் பதவியும் கிடைத்தன. 1983 தேர்தலில் நாடாளுமன்றத்துக்குத் தெரிவானபோது, வாக்கு மோசடியைக் காரணங்காட்டி ஆசனத்தில் அமர மறுத்தார்.

கற்பித்தல் ஐந்து ஆண்டுகளே நீடித்தது. 1986 பெப்ரவரி 7ஆம் திகதி டக்காரில் காலமான அவரை, கடலை வயல்கள் சூழ்ந்த தியெய்துவுக்கே கொண்டுசென்று அடக்கம் செய்தார்கள்.