திலகவதியாரும் திருவலகும்

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில் வேளாண் குலத்துக் குறுக்கையர் குடியில் தோன்றிய திலகவதியார், அறுபத்து மூவருள் வைத்து எண்ணப்பட்டவர் அல்லர். சுந்தரமூர்த்தி சுவாமிகள் அருளிய திருத்தொண்டத்தொகையில் அம்மையார் திருப்பெயர் இல்லை. அத்தொகையுள் இடம்பெற்ற பெண்பாலார் காரைக்காலம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார் என்னும் மூவரே. கி.பி. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் அத்தொகையை விரித்துத் திருத்தொண்டர் புராணம் பாடியருளியபோது, இவ்வம்மையார் சரிதத்தைத் தனிப்புராணமாக்காது, 429 திருவிருத்தங்களால் இயன்ற திருநாவுக்கரசர் புராணத்தின் முற்பகுதியில் வைத்தே கூறிச் சென்றார். ஆயினும் அப்பகுதியை ஊன்றிப் பயில்வார்க்கு, இவ்வம்மையார் இலரேல் அப்பமூர்த்திகளை நாம் பெற்றிலேம் என்பது இனிது விளங்கும். அவர் செய்தன யாவை எனின், உலகம் பெருஞ்செயல் என்று மதிக்கத்தக்கது ஒன்றேனும் இல்லை. தம்பியை வளர்த்தார், கோயிலில் அலகிட்டார், மெழுகினார், பூத்தொடுத்தார், நோயுற்று வந்தவனுக்குத் திருநீறு கொடுத்தார். இவ்வளவே. நாடோறும் செய்யும் இத்தகைய சிறுபணிகளில் நின்ற அன்பு, ஒருவரது நோயைத் தீர்த்தற்கும், பிரிந்த உறவைக் கூட்டுதற்கும் எங்ஙனம் வாயிலாயிற்று என்பதே ஈண்டு ஆராயப்புகுவது.

புகழனார்க்கும் மாதினியார்க்கும் திலகவதியார் மூத்த மகளார். சில ஆண்டு கழித்துப் பிறந்த இளவல் மருணீக்கியார். அம்மையார்க்குப் பன்னீராண்டு நிரம்பியபொழுது, அரசனது படைத்தலைவராகிய கலிப்பகையார் மணம் பேசிவிடுத்தனர், புகழனாரும் இசைந்தார். மணம் நிகழுமுன்னரே கலிப்பகையார் வேந்தன் ஏவலால் வடபுலத்துப் போர்க்குச் சென்றார். அவ்விடைவெளியில் புகழனார் நோயுற்று இறந்தார். மாதினியார் கணவனாரோடு உயிர் நீத்தார். சுற்றத்தார் ஆற்றிக் கொண்டிருந்த அத்துயர் தணியுமுன்னே, கலிப்பகையார் களத்தில் விழுந்தார் என்னும் செய்தியும் வந்தது. பெற்றோர் தம்மை அவர்க்கென்று நேர்ந்தமையின் தம்முயிர் அவர்க்கே உரியது எனத் துணிந்து, அம்மையார் உயிர்விட முற்பட்டார். அந்நிலையில் இளம்பிள்ளையாகிய மருணீக்கியார் தமக்கையார் அடிகளில் வீழ்ந்து, தந்தையும் தாயும் போன பின்னர் அவரையே அவ்விருவராகக் கொண்டிருப்பதாகவும், அவரும் நீங்குவாராயின் தாம் முன்னரே உயிர் விடுவதாகவும் சொல்லி அழுதார். தம்பி உயிரோடிருத்தல் வேண்டும் என்னும் இரக்கம் ஒன்றே அம்மையாரை இவ்வுலகில் நிறுத்தியது. பொன்னணிகளைத் துறந்தார், எல்லா உயிர்கள் மாட்டும் அருளையே அணியாகக் கொண்டு, மனையிலிருந்தே தவம் புரிந்தார்.

ஈண்டு ஒன்று சிந்திக்கற்பாலது. துயரத்தில் ஆழ்ந்தார்க்குப் பிறர் கூறும் ஆறுதல் மொழிகள் பெரும்பாலும் செவியளவில் நின்றொழியும். தம்மை நம்பியிருக்கும் ஓர் உயிர்க்குச் சோறிட வேண்டும், அதன் முகம் வாடாமற் காக்க வேண்டும் என்னும் கடமை வந்துழி, துயருற்றவர் தாமே எழுந்து நடமாடத் தொடங்குவர். தனிமை உடல் நலத்தையும் கெடுக்கும் என்று இக்காலத்து மருத்துவ நூலாரும் கூறுகின்றனர். திலகவதியார் தம்பியைக் காத்தார் என்பது எத்துணை உண்மையோ, தம்பியைக் காத்தலால் தாம் காக்கப்பட்டார் என்பதும் அத்துணை உண்மையாம்.

வளர்ந்த மருணீக்கியார் செல்வத்தின் நிலையாமையை உணர்ந்து, அறச்சாலைகளும் தண்ணீர்ப்பந்தர்களும் அமைத்தார், சோலை வளர்த்தார், குளம் தொட்டார், விருந்தினர்க்கும் புலவர்க்கும் வேண்டுவன அளித்தார். பின்னர் உலகவாழ்வில் உவர்ப்பெய்தி, மெய்ந்நெறி யாதென ஆராயப் புகுந்து, பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை அடைந்து, அவர்தம் நூல்களைக் கற்றுத் தருமசேனர் என்னும் பெயரோடு தலைமை பெற்றார். யாருக்காக அம்மையார் உயிர் தாங்கினாரோ, அவரே அம்மையாரை விட்டு நீங்கினார். அம்மையார் பள்ளி வாயிலிற் சென்று வாதித்தாரல்லர். சுற்றத்தாரைத் தூது விடுத்தாரல்லர். கெடிலக்கரையிலுள்ள திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, நாடோறும் புலருமுன் எழுந்து திருவலகிட்டும், சாணநீரால் மெழுகியும், மலர் கொய்து மாலை தொடுத்தும் பணி செய்துவந்தார். தம்பியைப் பிறநெறியினின்று எடுத்தாளவேண்டும் என்று பெருமானிடத்துப் பன்முறை விண்ணப்பித்தார். பெருமானும் கனவில் தோன்றி, சூலை தந்து அவனை ஆட்கொள்வோம் என்று அருளினார்.

சிவஞான சித்தியார் தாதமார்க்கமாகிய சரியையை விளக்குமிடத்து, கோயிலில் அலகிடல், மெழுகல், மாலை தொடுத்தல் முதலியவற்றோடு, அடியாரைக் கண்டால் வணங்கி அவர் ஏவிய பணியைச் செய்தலையும் ஒருங்கு வைத்துக் கூறுகின்றது. கோயிற்பணியும் உயிர்கட்குச் செய்யும் பணியும் வேறு வேறு அல்ல என்பது இதனாற் பெறப்படும். சரியையை முதற்படி என்று கூறி, அதனை எளிதிற் கடந்து ஞானநூல் ஆராய்ச்சிக்கு விரையும் வழக்கம் நம்மவருட் சிலர்பால் உண்டு. அன்னார் இச்சரிதத்தை மீண்டும் ஒருமுறை படித்தல் நன்று.

தருமசேனர்க்குச் சூலை வந்தது. குடரைச் சுட்டு முறுக்கும் அந்நோய்க்குச் சமணர் தாம் கற்ற மந்திரமும், மந்திரித்த நீரும், பீலியும் கொண்டு முயன்றனர். நோய் மிகுந்ததேயன்றித் தணிந்திலது. இறுதியில் இது தம்மால் ஆகாது என்று கைவிட்டனர். சமணர் ஔடத தானத்தை நால்வகைத் தானங்களுள் ஒன்றாகக் கொண்டு போற்றியவர். ஆதலின் அவரை இரக்கமே இல்லாதவர் என்றல் நேர்மையன்று. எனினும், மருந்து தோற்றவிடத்தும் நோயாளனை விட்டு நீங்காத ஒருவர் வேண்டும். தருமசேனர்க்கு அந்நள்ளிரவில் நினைவுக்கு வந்தவர் தமக்கையார் ஒருவரே. பல்லாண்டு பிரிந்திருந்தும், தாம் சென்றால் கதவு அடைக்கப்படாது என்னும் நம்பிக்கை அவர் நெஞ்சில் அழியாதிருந்தது.

தமக்கு உணவு சமைப்பவனைத் திருவதிகைக்கு அனுப்பினார். நந்தவனத்தின் பக்கத்தே அம்மையாரைக் கண்டு அவன் வணங்கினான். அம்மையார் முதலில் வினாவியது தீங்கு ஏதேனும் உண்டோ என்பதே. அவன் செய்தியைக் கூறி, உய்யும் வழி கேட்டுவரத் தன்னை அனுப்பியதையும் சொன்னான். அம்மையாரோ, சமணர் இருக்கும் இடத்துக்குத் தாம் வருவதில்லை என்று சொல்லி அவனை மீட்டனுப்பினார்.

இம்மறுப்பு அன்புக்கு ஒக்குமோ என்று ஐயுறுவார் உளர். ஐயம் நியாயமானதே. உடன்பிறந்தான் துடிக்கின்றான் எனக் கேட்டும் செல்லாமை கொடுமையாகத் தோன்றும். ஆயின், அம்மையார் மறுத்தது தாம் அங்குச் செல்லுதலை மாத்திரமே; தம்பி இங்கு வருதலை அன்று. பழைய குறை ஒன்றேனும் எடுத்துரைத்திலர். நோயாளன் வேண்டியதையெல்லாம் வேண்டியவாறே செய்துவிடுதல் அன்பு போலத் தோன்றினும், அவனை அவ்விடத்திலேயே இருத்திவிடும். அம்மையாரது அன்பு, அவரை எழுந்து நடக்கச் செய்தது. பாயையும் குண்டிகையையும் பீலியையும் ஒழித்து, வெள்ளாடை உடுத்து, வேறு சிலரைப் பற்றிக்கொண்டு, இரவிலேயே வழிகடந்து அவர் திருவதிகை சேர்ந்து தமக்கையார் அடிகளில் வீழ்ந்தார்.

அதன் பின் நிகழ்ந்ததே இச்சரிதத்தில் எம் உள்ளத்தைப் பெரிதும் உருக்குவது. அம்மையார் அவரை எழுக என்றார். இது பெருமானது கருணை, அவரைப் பணிந்து பணிசெய்க என்றார். ஐந்தெழுத்தோதித் திருநீறு அளித்தார். அப்பொழுது திருப்பள்ளியெழுச்சிக் காலம் ஆயிற்று. தம்பி வந்துவிட்டான் என்று அம்மையார் அன்றைப் பணியை நிறுத்தவில்லை. வழக்கம்போலத் திருவலகும், மெழுக்கும், நீர்த்தோண்டியும் கைக்கொண்டு, தம்பியையும் உடன் அழைத்துக்கொண்டு கோயிலுட் புகுந்தார். பல்லாண்டாக விடியற்காலந்தோறும் செல்லும் அதே வழியில், ஒருவர் செல்வது போய் இருவர் சென்றனர். சந்நிதியில் மருணீக்கியார் தம் முதற்பதிகத்தைப் பாடினார், சூலை நீங்கிற்று, நாவுக்கரசு என்னும் திருப்பெயரும் எய்தியது. நோய் தீர்ந்தவர் அடுத்து மேற்கொண்டது உழவாரம் ஏந்திய கைத்தொண்டு. தமக்கையார் கைத் திருவலகு தம்பியார் கையில் உழவாரமாயிற்று என்று கூறின் தவறாகாது.

அக்கைத்தொண்டு பிறர் பசிக்கும் உதவியது. திருவீழிமிழலையில் வற்கடம் நேர்ந்த காலத்தில், பெருமான் திருஞானசம்பந்தர்க்கும் அப்பர்க்கும் நாள்தோறும் ஒவ்வொரு காசு படிக்காசாக அருளினார். பிள்ளையார் பெற்ற காசு வாசியுடையது. அப்பர் பெற்றதோ வாசியில்லாக் காசு. கைத்தொண்டு செய்தமையே அதற்குக் காரணம் என்பர் சேக்கிழார். அதனால் அப்பர் திருமடத்தில் அடியார்கட்கு அமுது காலத்தோடு அளிக்கப்பட்டது.

பின்னொரு காலத்தில் திங்களூர் வழியாகச் சென்றபொழுது, தம் பெயர் எழுதிய தண்ணீர்ப்பந்தர் ஒன்றை அப்பர் கண்டார். தாமும் ஒருகாலத்தில் இளமையில் அமைத்த அறமே அது. அமைத்தவர் அப்பூதியடிகள் எனக் கேட்டு, அவர் மனைக்குச் சென்று, சொந்தப் பெயர் எழுதாது பிறர் பெயர் எழுதியது ஏன் என வினவினார். வந்தவர் இன்னார் என்றறியாத அப்பூதியார் வெகுண்டு, நீர் யாவர் என்று கேட்டார். அப்பொழுது சுவாமிகள் தம் பதிகங்களைச் சொல்லித் தம்மை அறிவித்தாரல்லர்; பிற நெறியில் நின்று, சூலையால் ஆட்கொள்ளப்பட்டு உய்ந்த சிறியேன் என்றே கூறினார். அப்பூதியார் கைகள் தலைமேற் குவிந்தன.

அன்று விருந்துக்கு வாழைக்குருத்து அரியச் சென்ற மூத்த திருநாவுக்கரசு அரவு தீண்டி இறந்ததும், விருந்து தடைப்படலாகாது என்று பெற்றோர் உடலை மறைத்ததும், சுவாமிகள் அறிந்து பதிகம் பாடி எழுப்பியதும் யாவரும் அறிந்தவை. மகன் துயில் நீங்கினான்போல எழுந்து வணங்கியபொழுதும் தாய்தந்தையர் மகிழ்ந்திலர். அடியவர் அமுது செய்யும் காலம் இவனால் தாழ்த்ததே என்று வருந்தி நின்றனர். அது கண்டு அப்பர், அவர்தம் புதல்வரோடு உடனமர்ந்து அமுது செய்தருளினார்.