கொடைக்கானலில் சூரிய வாயுவின் ஓட்டத்தை அளந்தவர்: ஜான் எவர்ஷெட்

முதல் வருஷ இயற்பியல் லேப்ல ஸ்பெக்ட்ரோமீட்டரைத் திருகித் திருகிக் கண்ணு வலிச்சவங்க நம்ம பொத்தேரியில நிறைய பேர். ஒரு ஸ்லிட், ஒரு கிரேட்டிங், அவ்வளவுதான் சரக்கு. இதே ரெண்டை வச்சு சூரியன்மேல ஓடுற வாயுவோட வேகத்தை அளந்தவர் ஜான் எவர்ஷெட். அளந்த இடம் நம்ம கொடைக்கானல்!

1864-ல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் பிறந்தார். லண்டனில் ஒரு கம்பெனியில் வேலை. ஓய்வு நேரத்தில் சூரிய ஆராய்ச்சி. 1898 சூரிய கிரகணத்தைப் படம் பிடிக்க இந்தியா வந்தார். 1907-ல் கொடைக்கானல் ஆய்வகத்தில் சேர்ந்தார். மனைவி மேரியும் வானியலாளர்தான்.

அங்கே ஏற்கெனவே ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப் இருந்தது. எவர்ஷெட் அதை முழுசாச் சரிபண்ணி ஓட வைத்தார். அடிப்படையில் இது ஒரு மோனோகுரோமேட்டர். பிரிந்த நிறங்களில் ஒன்றை மட்டும் இரண்டாவது ஸ்லிட் வழியா வெளியே விடும். கால்சியத்தின் 393.4 நானோமீட்டர் ஒளியில் மட்டும் முழுச் சூரியன் எப்படி இருக்கும்னு அதில் பார்க்கலாம். படம் அருமையா வரும். ஆனா வாயு எந்த வேகத்தில் போகுதுன்னு அந்தப் படம் சொல்லாது.

அதுக்கு ஸ்பெக்ட்ரோகிராஃப் வேணும். இதில் இரண்டாவது ஸ்லிட் கிடையாது. அந்த இடத்தில் போட்டோ தட்டு. நிறமாலையின் ஒரு பெரிய பகுதி ஒரே நேரத்தில் பதிவாகும். வாயு நம்மை நோக்கி வந்தா கோடு நீலப் பக்கம் நகரும், விலகினா சிவப்புப் பக்கம்.

கரும்புள்ளிகள் சுழற்காற்று மாதிரி சுத்துதுன்னு அப்போ ஒரு எண்ணம் இருந்தது. 1909 ஜனவரியில் எவர்ஷெட் எடுத்த தட்டுகள் வேற கதை சொல்லின. சூரிய விளிம்பை ஒட்டிய புள்ளிகளில், விளிம்புப் பக்கம் கோடு சிவப்புக்கும், மையப் பக்கம் நீலத்துக்கும் நகர்ந்திருந்தது. சூரியனின் நடுவில் இருந்த புள்ளிகளில் நகர்வே இல்லை. அப்படின்னா வாயு சுத்தல; புள்ளியின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மேற்பரப்பை ஒட்டிப் பாயுது. இதுதான் எவர்ஷெட் விளைவு.

இது எவ்வளவு நுணுக்கம் தெரியுமா? வேகம் நொடிக்கு 2 கிலோமீட்டர்னு வச்சுக்குவோம். 600 நானோமீட்டர் கோடு வெறும் 0.004 நானோமீட்டர்தான் நகரும். நம்ம லேப்ல பிரிச்சுப் பார்க்கிற சோடியம் இரட்டைக் கோடுகளின் இடைவெளி 0.6, அதில் 150-ல் ஒரு பங்கு! நிறத்தை நல்லா விரிக்கிற கிரேட்டிங்கும் குறுகிய ஸ்லிட்டும் இல்லாம இது நடக்காது. ஸ்லிட்டைக் குறுக்கினா வெளிச்சமும் குறையும். ஆனா எவர்ஷெட் பார்த்தது சூரியனை; வெளிச்சத்துக்கு அங்கே பஞ்சமில்லை.

1911-ல் ஆய்வகத்தின் இயக்குநர் ஆனார். 1917-ல் சூரியத் தழல்கள் பற்றி மேரியோடு சேர்ந்து பெரிய ஆய்வு வெளியிட்டார். 1918-ல் ராயல் வானியல் கழகத்தின் தங்கப் பதக்கம். 1923-ல் ஓய்வு பெற்று ஊர் திரும்பியும் சும்மா இருக்கல. சொந்த ஆய்வகம் கட்டி சூரியனையே பார்த்தார். 1956-ல் மறைந்தார்.

இன்னைக்கு போட்டோ தட்டு இருந்த இடத்தில் சிசிடி வந்தாச்சு. கேள்வி மட்டும் மாறல. சோலார் செல்மேல ஒவ்வொரு நிறமா அடிச்சு மின்னோட்டம் பார்க்கணுமா? மோனோகுரோமேட்டர் எடுங்க. சட்டுனு மாறுற சுடரின் எல்லாக் கோடுகளும் ஒரே நேரத்தில் வேணுமா? ஸ்பெக்ட்ரோகிராஃப். புராஜெக்ட்டுக்குக் கருவி கேட்கும் முன்னாடி, எவ்வளவு சின்ன நகர்வை அளக்கணும்னு ஒரு தாள்ல கணக்குப் போட்டுட்டுப் போங்க.