பல்லாவரத்துக் கல்லைக் கண்டெடுத்தவர்

ஆதிகாலத்து மனிதர் இரும்பும் செம்பும் அறியாமல் கல்லையே ஆயுதமாக வைத்திருந்தார்களாமே, அது மெய்யா என்று உங்கள் வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? வேதத்துக்கு விரோதமான பேச்சென்று வாயை அடைத்துவிடுகிறவர்கள் உண்டு. அது சரியல்ல. பிரான்சு தேசத்தில் லா ஷாப்பல் ஓ சேன் என்னும் ஊரில், 1908-ம் ஆண்டு நியாண்டர்தால் மனிதனின் எலும்புக்கூட்டைக் குழியிலிருந்து எடுத்தவர்கள் நம் கத்தோலிக்கக் குருக்களே. 12-ம் பத்திநாதர் பாப்பரசரும் 1950-ல் எழுதிய நிருபத்தில் மனித சரீரம் உண்டான விதத்தை அறிஞர் ஆராய்வதைத் தடுக்கவில்லை. ஆத்துமத்தைச் சர்வேசுரன் நேராகவே சிருஷ்டிக்கிறார் என்ற விசுவாசத்தை மட்டும் விடலாகாது என்றார். ஆகையால் பிள்ளையைப் பயமின்றி உட்காரவைத்து, நம் தமிழ்நாட்டிலேயே நடந்த ஒரு சரித்திரத்தைச் சொல்லுங்கள்.

இராபர்ட் புரூஸ் பூட் என்பவர் 1834-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 22-ந் தேதி இங்கிலாந்தில் செல்ட்டன்ஹாம் என்ற ஊரில் பிறந்தார். 1858-ல் இந்திய நிலவியல் இலாகாவில் உத்தியோகம் பெற்றுச் சென்னை ராஜதானிக்கு வந்தார். எந்த ஊரில் என்ன பாறை, எங்கே என்ன மண் என்று பார்த்துப் படம் வரைவதே அவருக்கு இட்ட வேலை. தமிழில் வேதாகமத்தை மொழிபெயர்ப்பதில் ஆறுமுக நாவலருடைய உதவியைப் பெற்ற பீற்றர் பெர்சிவல் ஐயருக்கு இவர் மருமகன். தமிழோடு இவருக்கு அப்படி ஓர் உறவு!

1863-ம் ஆண்டு மே மாதம் 30-ந் தேதி. கத்திரி வெயில் எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. சென்னைக்குத் தெற்கே பல்லாவரத்தில், பட்டாள மைதானத்தை அடுத்து, செம்பூராங்கல் சரளை தோண்டிய பள்ளம் ஒன்று இருந்தது. அதிலே கிடந்த ஒரு கல் அவர் கண்ணில் பட்டது. இரண்டு பக்கமும் சில்லுச் சில்லாகத் தட்டி, ஓரம் கூர்மையாக்கப்பட்ட கல். நீங்களும் நானும் பார்த்திருந்தால் காலால் எற்றிவிட்டுப் போயிருப்போம். பிரான்சு தேசத்து ஆற்றுப் படுகையில் அகப்பட்ட இத்தகைய கற்கள் மனிதன் கையால் செய்யப்பட்டவையே என்று 1859-ல் அறிஞர் ஒப்புக்கொண்ட செய்தி பூட் துரைக்குத் தெரிந்திருந்தது. ஆகவே அவர் குனிந்து எடுத்தார். அப்போது அவருக்கு வயது 28.

ஒரு கல்லைக் கொண்டு என்ன நிலைநாட்ட முடியும்? தற்செயலாக உடைந்தது என்று சொல்லிவிடலாமே! அதே ஆண்டு செப்டம்பரில் தோழர் வில்லியம் கிங் என்பவரோடு கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் போனார். அத்திரம்பாக்கத்து ஓடையில் அதே மாதிரிக் கற்கள் பல அகப்பட்டன. இந்தியாவில் மிகப் பழங்காலத்திலேயே மனிதர் வாழ்ந்தனர் என்பதற்கு அதுவே முதற் சாட்சியம்.

அதன்பின் அவர் சும்மா இருக்கவில்லை. உத்தியோகம் ஒரு பக்கம், கல் சேகரம் ஒரு பக்கம். கர்நூல் பக்கத்துப் பில்ல சுர்க்கம் குகைகளை 1884-ல் தோண்டியபோது இராணுவத்திலிருந்த தம் மகனையும் அந்த வேலையில் இறக்கிவிட்டார். நம் பக்கத்தையும் அவர் விடவில்லை. மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களின் நிலவியலை எழுதி 1883-ல் வெளியிட்டார். சாயர்புரத்துச் செம்மணல் தேரியில் சிறு கல்லாயுதங்களை முதலில் கண்டவரும் அவரே. பனையேறிகள் தினமும் மிதித்து நடந்த மணல் அது!

அவர் நினைத்ததெல்லாம் சரியென்று சொல்வதற்கில்லை. பழைய கற்கால மனிதருக்கும் புதிய கற்கால மனிதருக்கும் நடுவே நீண்டகாலம் இந்நாட்டில் ஆள் இல்லை என்று கருதினார். அந்த இடைவெளியைப் பிந்தியவர்கள் நிரப்பிவிட்டார்கள். 1956-ல் திருநெல்வேலித் தேரிகளைப்பற்றி எழுதிய சாய்னர், ஆல்ச்சின் என்ற இருவரும் அவர்களில் சேர்ந்தவர்கள்.

தாம் எடுத்த கல்லின் வயதை அறியும் வழியும் பூட் துரையின் காலத்தில் இல்லை. அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு அம்மையாரும் குழுவினரும் 1999 முதல் முறையாகத் தோண்டினார்கள். விண்ணிலிருந்து வரும் கதிர்களால் கல்லுக்குள் உண்டாகும் மாறுதலை அளந்து, அடிமண்ணில் கிடந்த ஆயுதங்களுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011-ல் வெளியிட்டார்கள். அங்கே மனித எலும்பு அகப்படவில்லை. ஆதலால் செய்தவர் எவ்வகை மனிதர் என்று சொல்ல இயலாது. நியாண்டர்தால் மனிதனுடைய எலும்பும் இந்தியாவில் இதுவரை கிடைத்ததில்லை. ஆனாலும் அவர்களுடைய வம்சக்கூறு நூற்றுக்குச் சுமார் 2 பங்கு நம் உடம்பில் இருக்கிறதென்று மருத்துவ விஞ்ஞானிகள் கணக்கிடுகிறார்கள். வேடிக்கையல்லவா?

1891-ல் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வுபெற்றபின் பரோடாவிலும் மைசூரிலும் சேவை செய்தார். ஏற்காட்டில் வீடு கட்டி வாழ்ந்தார். நாற்பது ஆண்டு சேர்த்த கற்களையும் மண்பாண்ட ஓடுகளையும் கடல் கடந்து கொண்டுபோகாமல் 1904-ல் சென்னை மியூசியத்துக்கே விலைக்குக் கொடுத்துவிட்டார். எழும்பூர் போகிறவர்கள் பிள்ளைகளை அங்கே கூட்டிச் செல்லலாம். அந்தச் சேகரத்துக்கு ஒவ்வொன்றாகக் குறிப்பெழுதி விவரப் பட்டியல் தயாரிப்பதிலேயே அவருடைய கடைசிக் காலம் கழிந்தது. 1912-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 29-ந் தேதி கல்கத்தாவில் காலமானார். அந்தப் பட்டியல் 1914-லும் 1916-லும் இரண்டு பாகமாக அச்சேறியது. அதை அவர் காணவில்லை.